மலையகத்தில் மாடிவீட்டுக்குப் புதுத்தரை, டைல்ஸ், பேன்ட்ரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டி, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் பழைய மாடிவீட்டை வாங்கியவர்களும், கடைக்கு மேலே குடியிருப்பவர்களும், வெளிநாட்டிலிருந்து வந்து அம்மாவின் வீட்டைத் திருத்த நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவர்கள் டைல்ஸின் நிறத்தைத்தான் முதலில் கேட்பார்கள். இங்கே அது பின்னால்தான் வரும். நம்முடைய ஈரத்திலும் குளிரிலும் ஒரு தரை எத்தனை வருடம் தாங்கும் என்பதை, கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதிதான் முடிவு செய்கிறது.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்கலாம்?

உங்கள் ஊர் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியா எல்லாம் மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அங்கே விடாமல் பெய்யும். அக்டோபர், நவம்பரில் எல்லாப் பக்கமும் மழை. ஆகவே ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் முடியும்வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைக்கு இது தலைகீழ். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்ளே நடக்கிற வேலைக்கு மழை என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. சீமெந்துத் தளம் ஒன்று நல்ல காற்றோட்டத்தில், உலர்ந்த காலநிலையில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கணக்கில் காயும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு அங்குலத் தளம் என்றால் 50 நாள். பனிமூட்டம் ஜன்னலுக்குள்ளேயே வந்துபோகும் ஊரில் அந்த 50 நாள் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். குளிரும் சேர்ந்துகொள்ளும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி விழும் ஊர் அது. டைல் ஒட்டும் பசைகள் 5 பாகை செல்சியசுக்குக் கீழே வேலை செய்யா. 10 பாகையில் சீமெந்து இறுகுவது 20 பாகையில் இறுகுவதைவிட ஏறக்குறைய பாதி வேகத்தில்தான். பையில் "24 மணித்தியாலத்துக்குப் பிறகு நடக்கலாம்" என்று போட்டிருந்தால் நுவரெலியாவில் இரண்டு நாள் விடுங்கள்.

இன்னொன்று: ஏப்ரல் 10க்குப் பிறகு பாஸ் (வேலை செய்யும் மேசன்) வருவார் என்று நம்பி எதையும் உடைத்துப் போடாதீர்கள். புத்தாண்டுக்கு ஊருக்குப் போனவர் திரும்பிவர மாதக்கடைசி ஆகிவிடும். தீபாவளிக்கும் அப்படித்தான்.

என் வீட்டுத் தரையை நான் மாற்ற யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்?

தொடர்மாடி என்றால் உங்கள் சுவருக்குள் இருப்பதெல்லாம் உங்களுடையது அல்ல. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் பொதுப்பகுதி என்று ஒன்றை வகுத்திருக்கின்றன. கட்டடத்தைத் தாங்கும் தூண், பல வீடுகளுக்கும் போகும் பைப் போன்றவற்றில் கைவைத்தால் அது உங்கள் தனி விஷயமாக இருக்காது. டைல் மாற்றுவது, கபட் மாற்றுவது போன்றவற்றுக்குக் கட்டடத்தின் முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் சொல்லி, வேலை நேரம், லொறி நிறுத்தும் இடம், சத்தம் பற்றி ஒத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். சுவரை உடைப்பது, பால்கனியை அடைத்து சமையலறையாக்குவது என்று போனால் மாநகர சபை அல்லது நகர சபையின் அனுமதியும் வேண்டும்.

கடைக்கு மேலுள்ள வீடு, உறவினர் பிரித்துக்கொண்ட மாடி என்றால் குழுவெல்லாம் இராது. கீழே இருப்பவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். தலைக்கு மேலே கிறைண்டர் ஓடும்போது வருகிற கோபம், முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதியாகிவிடும்.

பழைய டைல்ஸை உடைத்து எடுக்கவேண்டுமா, மேலேயே ஒட்டலாமா?

மாடிவீட்டில் இந்தக் கேள்விக்கு எடை என்றொரு பக்கம் இருக்கிறது. அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

குடியிருப்புத் தளங்களை வடிவமைக்கும்போது மனிதர், தளபாடம் முதலிய பாரத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ என்று எடுப்பது இங்கே பின்பற்றப்பட்ட பிரித்தானிய நியமத்தின் வழக்கம். இப்போது பழைய தரையை எடுக்காமல் அதன்மேல் இரண்டு அங்குலச் சாந்து போட்டு, போர்சிலேன் டைல் பதிக்கிறார்கள் என்று வையுங்கள். சாந்து மட்டும் சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும், டைல் இன்னொரு 20 கிலோவுக்கு மேல். பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றில் இது ஏறக்குறைய ஒன்றரைத் தொன். ஆட்கள் வந்து உட்காருவதற்கென்று விட்டிருந்த தாங்குதிறனை டைல்ஸே சாப்பிட்டுவிடும். அதே அறையில் பழைய டைலின்மேல் பசை மட்டும் தடவி ஒட்டினால் கூடுகிற பாரம் 350 கிலோவுக்குள் நிற்கும்.

ஆகவே என் கருத்து இது. பழைய தரை மட்டமாகவும் இறுக்கமாகவும் இருந்தால் பசையில் மேலே ஒட்டுங்கள். மட்டம் இல்லை, வெடித்திருக்கிறது என்றால் பழைய சாந்தோடு சேர்த்து முழுதாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பழையதை வைத்துக்கொண்டு மேலே சாந்து போடும் நடுவழி மட்டும் வேண்டாம்.

இறுக்கமா என்று பார்க்க ஒரு காசை எடுத்து ஒவ்வொரு டைலிலும் நடுவிலும் நாலு மூலையிலும் தட்டுங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் சரி. 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் பென்சிலால் குறியிடுங்கள். அறையில் பத்தில் ஒரு டைலுக்கு மேல் குறி விழுந்தால் மேலே ஒட்டும் யோசனையைக் கைவிடலாம். மேலே ஒட்டினால் தரை 12 முதல் 15 மில்லிமீட்டர் உயரும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். கதவுகளின் அடியைச் சீவவேண்டி வரும். குளியலறைத் தரை மட்டும் எப்போதும் வெளித்தரையைவிடத் தாழ்ந்தே இருக்கவேண்டும்.

பாஸ் சீமெந்துப் பால் ஊற்றித்தான் ஒட்டுவேன் என்கிறார். பசை வாங்குவது வீண்செலவா?

முன்பெல்லாம் எல்லோரும் சீமெந்திலேயே ஒட்டினார்கள், அவை இன்னும் நிற்கின்றன என்று பாஸ் சொல்வது பொய்யில்லை. அந்தக் காலத்து டைல் தண்ணீரை உறிஞ்சும். ஒட்டுவதற்கு முன் வாளியில் ஊறப்போடுவார்களே, அதற்காகத்தான். சீமெந்துப் பால் டைலின் முதுகுக்குள் புகுந்து இறுகும். இன்று நீங்கள் வாங்கும் போர்சிலேன் டைலின் நீருறிஞ்சல் அரை வீதத்துக்கும் கீழே. இரவு முழுக்க ஊறப்போட்டாலும் ஒன்றும் உள்ளே போகாது, பாலும் போகாது. கொஞ்ச வருடத்தில் சீமெந்து ஒரு தகடாகவும் டைல் ஒரு தகடாகவும் பிரிந்து நிற்கும்.

எனவே போர்சிலேனுக்குப் பசை கட்டாயம். பையில் சி 1, சி 2 என்று தரம் போட்டிருக்கும். போர்சிலேனுக்கும், பழைய டைலின்மேல் ஒட்டுவதற்கும் சி 2. சமையலறைச் சுவருக்கு வாங்கும் சாதாரண செரமிக்குக்கு சி 1 போதும்.

பசை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, எப்படிப் பூசுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை வைத்து டைலை அமுக்கினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம். அங்கேதான் கதிரைக்கால் பட்டு டைல் உடையும், அங்கேதான் ஈரம் தங்கும். பல்லுக் கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுத்து, டைலை வைத்து, கோட்டுக்குக் குறுக்கே முன்னும் பின்னும் அசைத்து அமுக்கவேண்டும். பெரிய டைல் என்றால் அதன் முதுகிலும் மெல்லிய பூச்சு. ஒட்டிய கையோடு ஒன்றைப் பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். வரவேற்பறையில் முதுகில் 80 வீதமாவது பசை பட்டிருக்கவேண்டும், குளியலறையில் 95. "ஒண்ணும் ஆகாது சேர், போட்டுடலாம்" என்பார். ஒன்றைப் பெயர்த்துப் பார்க்கும் வீட்டுக்காரர் என்று தெரிந்த பிறகு மிச்ச டைல்ஸ் தானாகவே ஒழுங்காக விழும்.

நடுஇரவில் படீரென்று சத்தம், காலையில் பார்த்தால் இரண்டு வரிசை டைல்ஸ் கூடாரம்போல எழும்பி நிற்கிறது. ஏன்?

இடம் விடாததால். கொங்கிரீட் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், டைல் சுருங்காது. இரவுக்கும் பகலுக்குமான வெப்பநிலை வித்தியாசமும் சேர்ந்து தள்ளும். டைலும் டைலும் முட்டிக்கொண்டு, சுவரோரமும் சீமெந்தால் அடைபட்டிருந்தால் போக்கிடம் இல்லை, மேலே கிளம்பும். சீமெந்துப் பாலில் ஒட்டிய போர்சிலேனில் இது அதிகம்.

சுற்றிச் சுவரோரம் 6 முதல் 8 மில்லிமீட்டர் விட்டு, அதில் சாந்து விழாமல் பார்த்து, ஸ்கேர்ட்டிங்கால் (சுவரடிப் பட்டையால்) மூடுங்கள். டைல்களுக்கு நடுவே 2 மில்லிமீட்டராவது வேண்டும். "இடைவெளியே தெரியாமல் போடுங்கள்" என்று பாஸிடம் கேட்கிறவர்கள் இந்தச் சத்தத்தைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள்.

பளபளப்பா, மங்கலா?

வரவேற்பறையில் பளபளப்பு இருக்கட்டும், ஆசைப்பட்டால். சமையலறை, வாசல், பால்கனி, குளியலறைக்கு வேண்டாம். வழுக்காத தன்மைக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் உண்டு. வீட்டுச் சமையலறைக்கு ஆர் 10, மழைச்சாரல் அடிக்கும் பால்கனிக்கும் படிக்கும் ஆர் 11 கேளுங்கள். ஆர் 11க்கு மேல் போனால் துடைக்கிற துணியே கிழியும்.

நிறத்தில் ஒரு யோசனை. தூய வெள்ளையும் தூய கறுப்பும் செம்மண் ஊருக்கு ஒத்துவரா. மழைக்காலத்தில் சப்பாத்தோடு வரும் மண் வெள்ளையில் தெரியும், காய்ந்த தூசி கறுப்பில் தெரியும். சாம்பல், மணல் நிறம், மரக்கோலம் எல்லாவற்றையும் மறைக்கும்.

நுவரெலியாவில் டைல் காலைக் கொல்கிறது. மரத்தரை போடலாமா?

துரைமார் பங்களாக்களில் நூறு வருடத்து மரத்தரைகள் இன்றும் இருக்கின்றன. பல பங்களாக்களில் அடியில் காற்றுப் போக இடைவெளி விட்டு, அடுப்பில் நாள்தோறும் நெருப்பு மூட்டி வளர்த்த தரைகள் அவை. மாடிவீட்டின் கொங்கிரீட் தட்டின்மேல் நேராக ஒட்டும் மரம் அந்த வாழ்க்கை வாழாது. தேக்கு, கினிசப்பு போன்ற மரம் வாங்கினாலும் சூளையில் உலர்த்தியதா என்று கேட்டு, அறையிலேயே இரண்டு வாரம் அடுக்கி வைத்துப் பழகவிட்டுத்தான் அடிக்கவேண்டும். நம் பக்கத்து கிராண்டிஸ் (யூக்கலிப்டஸ் வகை) மலிவு. ஆனால் சரியாக உலராவிட்டால் திருகிக்கொள்ளும்.

லெமினேட் என்று கடையில் காட்டுவது அழுத்திய மரத்தூள் பலகையின்மேல் மரப்படம் ஒட்டியது. விளிம்பில் தண்ணீர் இறங்கினால் உப்பும், பிறகு வற்றாது. மலையகத்துச் சமையலறையில் அதைப் போடுவது காசை ஊறவைப்பது. எஸ்.பி.சி. என்ற கற்தூள் கலந்த வினைல் பலகை ஈரத்தைத் தாங்கும், காலுக்கும் டைல் அளவு குளிராது. படுக்கையறைக்கு இன்றைய நிலையில் நான் அதைத்தான் சொல்வேன். அடித்தளம் மட்டம் தப்பியிருந்தால் பூட்டுகள் உடையும் என்பதால் முதலில் மட்டம் சரிசெய்யவேண்டும்.

எதைப் போட்டாலும் அதற்கு முன் ஒரு சோதனை: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பொலித்தீனைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் உட்புறம் வியர்த்திருந்தால், அல்லது அந்த இடம் கறுத்திருந்தால், தரை இன்னும் காயவில்லை.

தரையடியில் மின்சூடு வைப்பது பற்றியும் சிலர் கேட்கிறார்கள். மின்கட்டணச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

அந்தக் காலத்துச் சிவப்புச் சீமெந்துத் தரையை மீட்கமுடியுமா?

முடியும். வெடிக்காமல் இருந்தால் அதை உடைப்பது பாவம். அரைத்து மினுக்கி மெழுகு போட்டால் புதுசாகும். டைட்டேனியம் என்று இங்கே சொல்லும் மினுக்கிய சீமெந்துத் தரையும் நல்லதே. அதற்குக் கைப்பழக்கமுள்ள பாஸ் கிடைக்கவேண்டும். சாதாரண டைல் பாஸிடம் கொடுத்தால் மயிர்வெடிப்போடு முடியும்.

குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக்குத் தண்ணீர் ஒழுகுகிறது. டைல்ஸை மாற்றினால் நிற்குமா?

நிற்காது. டைலும், டைல்களுக்கு நடுவே பூசும் இடைச் சாந்தும் தண்ணீரைத் தடுப்பவை அல்ல. தடுப்பது அடியிலுள்ள நீர்த்தடைப் பூச்சு. டைல்ஸை எடுத்து, பைப் மூட்டுகளைச் சரிபார்த்து, தரை முழுக்கவும் சுவரில் அரை அடி உயரத்துக்கும், குளிக்கும் மூலையில் ஆளுயரத்துக்கும் இரண்டு தடவை பூசவேண்டும். முதல் பூச்சு ஒரு திசை, இரண்டாவது குறுக்குத் திசை. தரையும் சுவரும் சேரும் மூலையில் வலைத்துணி. காய்ந்ததும் வடிகாலை அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் மட்டத்தைக் கீறி, 24 மணித்தியாலம் விடுங்கள். கீழ்வீட்டுக்காரரையும் கூப்பிட்டு அவர் கூரையைக் காட்டச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகே டைல்.

பேன்ட்ரி கபட்டுக்கு எந்தப் பலகை?

கடையில் மின்விளக்கின் கீழ் எல்லாமே அழகு. நம்முடைய சமையலறையில் காலையில் சோற்றுப்பானையின் ஆவி, மாலையில் பனி, குளிர்ந்த வெளிச்சுவர். ஆவி போய்ச் சுவரில் தண்ணீராகி, கபட்டின் முதுகுப் பலகைக்குப் பின்னால் வடிகிறது. ஆறு மாதத்தில் கரும்பூஞ்சணம், இரண்டு வருடத்தில் அடிப்பலகை உப்பல். மெலமைன் ஒட்டிய சிப்போர்ட், சாதாரண எம்.டி.எஃப். என்னும் அழுத்திய மரத்தூள் பலகைகள் இப்படித்தான் போகின்றன.

சிங்க்குக்கு அடியில் மரப்பலகையே வேண்டாம். அந்தப் பெட்டியை மட்டும் அலுமினியம் அல்லது பி.வி.சி. பலகையில் செய்யுங்கள். மற்றக் கீழ்ப்பெட்டிகளுக்கு நீர்தாங்கும் பிளைவூட். ஈரந்தாங்கும் பச்சை எம்.டி.எஃப். கதவுகளுக்கும் மேற்பெட்டிகளுக்கும் போதும். பச்சை நிறத்தைப் பார்த்து நம்பவேண்டாம். ஒரு துண்டை வாங்கி இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் தடிப்பை அளந்து பாருங்கள், விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.

பலகையைவிட முக்கியமானவை மூன்று. பெட்டிகள் தரையில் உட்காராமல் நாலு அங்குலப் பிளாஸ்டிக் கால்களில் நிற்கட்டும். வெளிச்சுவருக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே அரை அங்குலம் காற்றுப் போகட்டும். வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றும், பைப்புக்காகப் போட்ட துளை உட்பட, அடைக்கப்படட்டும். கபட் பாஸ் இந்தத் துளைகளைத்தான் எப்போதும் மறப்பார்.

சமையல் மேடையின் மேல்தட்டுக்கு கிரனைட்டா, குவார்ட்ஸா, டைலா?

கறுப்பு கிரனைட். சூடு தாங்கும், கீறாது, வருடத்துக்கு ஒருதடவை சீலர் தடவினால் மஞ்சளும் எண்ணெயும் பிடிக்காது. குவார்ட்ஸ் என்பது கற்தூளைப் பிசினில் பிணைத்தது. பிசின் 150 பாகையளவில் கெடும். அடுப்பிலிருந்து எடுத்த தாச்சியை அப்படியே வைக்கும் வீட்டில் அது ஒரு வெள்ளைத் தழும்போடு முடியும். டைல் ஒட்டிய தட்டு மலிவு. ஆனால் இடைக்கோடுகளில் மஞ்சள் ஏறி நிற்கும். அதற்கு எபொக்சி இடைச்சாந்து வாங்கவேண்டும், வாங்கினால் மலிவு போய்விடும்.

20 மில்லிமீட்டர் கிரனைட் சதுர மீட்டருக்கு 54 கிலோ. கீழ்ப்பெட்டி பலமில்லாமல் அதை ஏற்றாதீர்கள். சிங்க்குக்கு வெட்டிய இடத்தின் முன்விளிம்பு மெல்லிய பட்டையாக நிற்கும். கல் உடைவது எப்போதும் அங்கேதான், அதுவும் மாடிப்படியில் தூக்கி வரும்போது. வெட்டை வீட்டில் வந்து வெட்டச் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றி. காய்ந்து பறக்கும் கற்தூள் நுரையீரலுக்குக் கெடுதி. குவார்ட்ஸ் தூள் வெட்டுகிறவர்களின் நுரையீரலைக் கெடுத்ததாலேயே ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அந்தக் கல்லைத் தடைசெய்தது.

யாரும் யோசிக்காத ஒன்று தேங்காய் திருவலை. மேசை விளிம்பில் திருகிப் பூட்டும் வகை என்றால், தட்டு கபட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் நீண்டிருக்கவேண்டும், அடியில் இழுப்பறை முட்டக்கூடாது, கல்லின் தடிப்பு திருவலையின் வாய்க்குள் அடங்கவேண்டும். விளிம்பை இரட்டைத் தடிப்பாகக் காட்ட இன்னொரு பட்டை ஒட்டினால் திருவலை பூட்டாது. வீட்டில் சமைப்பவரைக் கூப்பிட்டு, திருவலையையும் கொண்டுபோய்க் கல்லை அளந்து பாருங்கள். தட்டின் உயரத்தையும் அவரையே நிறுத்தி, மடக்கிய முழங்கைக்கு ஐந்தங்குலம் கீழே என்று குறியிடுங்கள். வெளிநாட்டு அளவில் செய்த கபட்டில் நம் அம்மாமார் தோளைத் தூக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறார்கள்.

கேஸ் சிலிண்டரைக் கபட்டுக்குள் மறைக்கலாமா?

சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். மூடிய கபட்டில் வைத்தால் அது உள்ளேயே கிடக்கும். 2021 இறுதியில் நாடு முழுக்க நடந்த அடுப்பு வெடிப்புகளை நாம் மறந்திருக்க மாட்டோம். பால்கனியில், வெயில் மழை படாத மறைவில் வைத்து உள்ளே பைப் எடுப்பது நல்லது. கபட்டுக்குள்தான் என்றால் கதவின் அடியிலும் மேலேயும் காற்றுத் துளைகள் கட்டாயம், உள்ளே மின்பிளக் கூடாது. நுவரெலியாக் குளிரில் சிலிண்டர் முடியும் தறுவாயில் தீ சிறுத்தால் பயப்படவேண்டாம், குளிரில் வாயு ஆவியாவது குறையும். அதற்காகச் சிலிண்டருக்குச் சுடுதண்ணீர் ஊற்றுவது வேண்டாம்.

புகைக்கூண்டு வாங்குவதாக இருந்தால் வெளியே குழாய் போகிற வகை வாங்குங்கள். காற்றைக் கரி வடிகட்டியில் வடித்து உள்ளேயே சுற்றிவிடும் வகை வாசனையைத்தான் எடுக்கும், ஆவியை எடுக்காது. நமக்கு எதிரி ஆவிதான்.

டைல்ஸை ஊரில் வாங்குவதா, கொழும்பில் வாங்குவதா?

விலைப் பலகையை மட்டும் பார்க்காதீர்கள். 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம், சொன்ன விலையில் அது உள்ளதா என்று முதலில் கேளுங்கள். பிறகு லொறிக் கூலி, உடைவு, மாடிக்குத் தூக்குக் கூலி. இரண்டுக்கு இரண்டு போர்சிலேன் பெட்டி ஒன்றில் நாலு டைல், 15 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல், எடை 30 கிலோவுக்கு மேல். மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி என்றால் தூக்குபவர் சொல்லும் கூலி நியாயமாகத்தான் இருக்கும். கொழும்பிலிருந்து வந்த சரக்கில் ஐந்து டைல் உடைந்தால் திரும்பப் போய் மாற்றவும் முடியாது.

சில்லறைச் சரக்கைக் கண்டியிலோ ஹட்டனிலோ எடுத்தால், குறைந்தால் பஸ்ஸில் போய் ஒரு பெட்டி கொண்டுவரலாம். எங்கே வாங்கினாலும் எல்லாப் பெட்டியிலும் ஷேட் (நிறச்சாயல்) இலக்கமும் அளவு இலக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஏற்றுமுன் பாருங்கள். அளவைவிடப் பத்து வீதம் கூட எடுங்கள், குறுக்காகப் பதிப்பதானால் பதினைந்து.

கொந்தராத்தா, நாட்சம்பளமா?

தரை டைலுக்குச் சதுர அடிக் கொந்தராத்து. உடைத்தல், நீர்த்தடை, மட்டம் சரிசெய்தல் ஆகியவற்றுக்கு நாட்சம்பளம். அவசரப்பட்டால் கெடுகிற வேலையைக் கொந்தராத்தில் விட்டால் அவசரம்தான் மிஞ்சும். முற்பணம் கால்வாசிக்கு மேல் வேண்டாம். கடைசிப் பத்து வீதத்தை, இடைச்சாந்து பூசி, காசால் தட்டிப் பார்த்து, குளியலறையில் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பார்த்தபின் கொடுங்கள். ஸ்கேர்ட்டிங், படி, கதவு சீவுதல், குப்பை அகற்றல் யாருடைய வேலை என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சண்டைகள் டைலில் வருவதில்லை, இந்த நாலில்தான் வருகின்றன.

உடைத்த கழிவைக் கானிலோ பள்ளத்திலோ கொட்டவிடாதீர்கள். அடுத்த பெருமழையில் அடைபட்ட கான் யார் வீட்டுச் சுவரை நனைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சுவரில், தரையில் நீளமான வெடிப்பு இருக்கிறது. அதன்மேல் டைல் போட்டு மூடலாமா?

மூடாதீர்கள். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு மழைக்காலம் கடக்க விடுங்கள். கோட்டைத் தாண்டி ஓடினாலோ, அகலம் கூடினாலோ, கதவு திடீரென்று இறுகினாலோ அது தரைவேலை அல்ல, நிலம் நகரும் வேலை. மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் அரச நிறுவனம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் மூலம் அவர்களுக்கு அறிவியுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளைக் கண்ட மாவட்டங்களில் இதைச் சோம்பல்பட்டு விடக்கூடாது. நகராத மயிர்வெடிப்பு என்றால் வெடிப்பின் அசைவு டைலுக்கு ஏறாமல் பிரிக்கும் விரிப்பு ஒன்றைப் போட்டு அதன்மேல் ஒட்டலாம்.

தேயிலைத் தோட்டத்தில் புதிதாகக் கிடைத்த தனி வீட்டுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

எடைக் கணக்கையும் கீழ்வீட்டுக்காரரையும் விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் பொருந்தும். 7 பேர்ச் காணியில் 550 சதுர அடியில் கட்டிய வீடுகளில் தரை மண்ணின்மேல் நேராக இருக்கிறது, ஈரம் கீழிருந்து ஏறும். பொலித்தீன் சோதனை அங்கேதான் இன்னும் அவசியம். பணம் கொஞ்சம்தான் என்றால் வரவேற்பறையை விட்டுவிட்டுச் சமையலறைக்கும் குளியலறைக்கும் முதலில் போடுங்கள். விருந்தாளி பார்க்கும் அறைக்குத்தான் எல்லோரும் முதலில் போடுகிறார்கள், தெரியும். ஈரத்தில் நாள் முழுக்க நிற்பவர் விருந்தாளி அல்ல.

மிஞ்சிய டைல்ஸை என்ன செய்வது?

திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒரு பெட்டியை முழுதாக வைத்திருங்கள், ஷேட் இலக்கம் தெரியும் பக்கத்தை வெட்டி எறியாமல். ஐந்து வருடம் கழித்து ஒரு பைப் வெடித்து நாலு டைல் உடைக்க நேர்ந்தால், அதே நிறம் எந்தக் கடையிலும் இராது. இடைச்சாந்தின் பெயரையும் நிற இலக்கத்தையும் பெட்டியின் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள்.